தர்பூசணிக் குழியைச் சுற்றி எதை நடலாம், எப்போது நடலாம்?

மார்கழி பிறந்தால் போதும், அந்தப் படம் கைப்பேசிக்கு வந்துவிடும். நடுவில் வெட்டிவைத்த தர்பூசணி. இடப்பக்கம் 'நண்பர்கள்' என்று மக்காச்சோளம், முள்ளங்கி, செண்டுமல்லி, நாஸ்டர்டியம். வலப்பக்கம் 'எதிரிகள்' என்று உருளைக்கிழங்கு, வெள்ளரி. வீட்டுத்தோட்டக் குழுக்களில் இதை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். நாஸ்டர்டியம் ஊட்டியில் வேலியோரம் தானாகப் பூக்கும். திண்டிவனத்து மாசி வெயிலில் ஒரு வாரம்கூடத் தாங்காது. உருளைக்கிழங்கைத் தர்பூசணியோடு சேர்த்து நடுகிறவர்கள் நம் பக்கத்தில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் தங்கள் மண்ணுக்கு எழுதிக்கொண்ட பட்டியலை யாரோ பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பட்டியல் தப்பு என்பதைவிட, 'நண்பன்', 'எதிரி' என்ற பேச்சே நமக்கு உதவாது. நம் விவசாயிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள்: ஊடுபயிர், வரப்புப் பயிர், பொறிப்பயிர், கலப்புப் பயிர். ஊடுபயிர் என்றால் வரிசைக்கு இடையில். வரப்புப் பயிர் என்றால் ஓரத்தில். பொறிப்பயிர் என்றால் பூச்சியை இழுத்து மாட்டவைக்க. பெயரிலேயே இடமும் வேலையும் இருக்கிறது. தர்பூசணி விஷயத்தில் இதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும்: நாள். எந்தச் செடி பக்கத்தில் நிற்கிறது என்பதைவிட, அது எத்தனையாவது நாள் வரை நிற்கிறது என்பதுதான் பயிரைக் காப்பாற்றும், அல்லது கெடுக்கும்.

ஏன் என்று புரிய, கொடியின் நாள்கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். விதை போட்டு ஐந்திலிருந்து ஏழு நாளில் முளை வரும். அதற்கப்புறம் மூன்று வாரம் செடி ஒன்றும் செய்யாததுபோல் இருக்கும். கையகல இடத்தில் நாலைந்து இலையோடு உட்கார்ந்திருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இந்தக் கட்டத்தில்தான் பொறுமையிழந்து உரத்தை அள்ளிக் கொட்டுவார்கள். 25, 30 நாள் ஆனதும் கொடி ஓட ஆரம்பிக்கும். அப்புறம் அதைப் பிடிக்க முடியாது. எட்டடி, பத்தடி சாதாரணம். 35 நாளுக்கு மேல் ஆண் பூக்கள், அதற்குச் சில நாள் கழித்துப் பெண் பூக்கள். காய் பிடித்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் பழம். சுகர் பேபி மாதிரியான ரகங்கள் 75 முதல் 90 நாளுக்குள் முடிந்துவிடும்.

வயலில் வரிசைக்கு வரிசை இரண்டரை மீட்டர், குழிக்குக் குழி மூன்றடி என்று விடுவார்கள். கணக்குப் போட்டால் ஒரு குழிக்கு ஏறக்குறைய 24 சதுர அடி. வீட்டுக் கொல்லையில் ஒற்றைச் செடிக்கு இவ்வளவு இடம் என்றால் மனசு கேட்காது. முதல் 25 நாள் அந்த இடம் முழுக்கச் சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றும். சரியான எண்ணம்தான். சும்மா கிடக்கும் மண்ணில் கோரையும் அருகும் வரும். அதற்குப் பதிலாகக் கீரை வந்துவிட்டுப் போகட்டும்.

சிறுகீரை, முளைக்கீரை, வெந்தயக்கீரை மூன்றும் இதற்கென்றே பிறந்தவை மாதிரி. மூன்றுமே 20, 25 நாளில் கைக்கு வரும். தர்பூசணி விதை போடும் அன்றைக்கே, குழியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மணலோடு கலந்து தூவிவிடலாம். கொடி எட்டிப்பார்க்கும் நேரத்தில் கீரை குழம்புக்குப் போயிருக்கும். முள்ளங்கியும் ஆகும், ஆனால் 40 நாள் ரகங்களைத் தவிர மற்றவை வேண்டாம், அவையும் பாத்தியின் வெளி ஓரத்தில்தான். அறுப்பிலும் ஒரு சின்ன விஷயம் உண்டு. கீரையை வேரோடு பிடுங்குவது நமக்குப் பழக்கம். தர்பூசணிக்கு ஆணிவேர் ஆழமாகப் போனாலும், பக்கவேர்கள் மேல்மண்ணிலேயே கொடியைவிட வேகமாகப் பரவியிருக்கும். அதனால் குழியை ஒட்டிய இரண்டடிக்குள் இருக்கும் கீரையைப் பிடுங்காமல் அரிவாளால் தரையோடு அறுத்துவிடுவது நல்லது.

இங்கே நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். ஒரு வருடம் சிறுகீரைக்குப் பதில் தண்டுக்கீரை போட்டேன். நன்றாக வந்தது. ஒருமுறை கிள்ளினேன், மறுபடி தழைத்தது. இவ்வளவு அழகாக வளர்வதை ஏன் அழிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். தண்டுக்கீரைக்குத் தினம் தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் நார் விழும். ஆக, தினமும் விட்டேன். அறுபத்தைந்தாம் நாள் வாக்கில் தர்பூசணிக் காய்கள் தேங்காயைவிடப் பெரிதாகி, பார்க்கவே பெருமையாக இருந்தன. பக்கத்து வீட்டு அத்தை மதில் மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இன்னும் தண்ணி உட்டுக்கினே இருக்க?" என்று கேட்டார். கீரைக்கு, அத்தை என்றேன். "கீரைக்கு உடுற தண்ணிய பழமும்தானே குடிக்கும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வாரமே இரண்டு காய் வெடித்தது. ஒன்று அடியோடு பிளந்து, வெளிறிய சிவப்புச் சதையில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. மீதிப் பழங்களை வெட்டியபோது தண்ணீர்ச் சுவைதான் இருந்தது.

காரணம் எளிது. காய் முழு அளவுக்கு வந்தபின் தர்பூசணிக்கு நீரைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் சர்க்கரை ஏறும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டாலோ, கடைசிவரை நிறைய விட்டாலோ, உள்சதை பெருக்கும் வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்காமல் வெடிக்கும். அதனால் இதன் பக்கத்தில் நிற்கும் எந்தப் பயிரும் காய் பருக்கும் நாளுக்கு முன்பே தன் தாகத்தை முடித்துக்கொண்டிருக்க வேண்டும். கைப்பேசிப் பட்டியலில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. முள்ளங்கி நண்பனா என்று கேட்டால், முப்பத்தைந்தாம் நாள் நண்பன், அறுபதாம் நாள் தொல்லை.

இதில் விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம், அது வெங்காயம். துணைப்பயிர் பற்றிப் புழங்கும் பேச்சில் பாதிக்கு மேல் செவிவழிச் செய்திதான். வெங்காயத்துக்கோ உருப்படியான ஆய்வுப் பின்னணி இருக்கிறது. கதை ஜப்பானின் தோச்சிகி பகுதியிலிருந்து வருகிறது. அங்கே சுரைக்காயைப் பட்டை பட்டையாகச் சீவி உலர்த்தி, கான்பியோ என்ற பெயரில் உணவில் சேர்ப்பார்கள். அந்தச் சுரைக் கொடிகளின் அடியில் வெங்காயத்தாள் இனத்தைச் சேர்த்து நடுவது அந்த ஊர் விவசாயிகளின் வழக்கம். அப்படி நட்ட நிலங்களில் வாடல் நோய் குறைவாக இருக்கிறதே, ஏன் என்று ஆய்வாளர்கள் தேடிப்போனார்கள். 1980-களில் வெளிவந்த அந்த ஆய்வுகளில், வெங்காய இனச் செடிகளின் வேரை ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா, வாடல் நோயை உண்டாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சாணத்தை அடக்குகிறது என்று கண்டார்கள். சுரையின் வேரும் வெங்காயத்தின் வேரும் பின்னிக் கிடந்தால்தான் இது நடக்கும். அதனால் அங்கே இரண்டையும் ஒரே குழியில் வேரோடு வேர் உரச நடுகிறார்கள்.

தர்பூசணிக்கும் இதே ஃபியூசேரியம்தான் எமன், வேறு உள்வகை. நடுப்பகலில் ஒரு கொடி மட்டும் தொங்கும், சாயங்காலம் நிமிரும், மூன்றாம் நாள் நிமிராது. தண்டை நீளவாக்கில் கீறினால் உள்ளே பழுப்புக் கோடு. மண்ணில் வந்துவிட்டால் வருடக்கணக்கில் போகாது. அதே குழியில் திரும்பத் திரும்பத் தர்பூசணி போடக்கூடாது என்பது அதனால்தான். சீனாவில் நான்ஜிங் வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தர்பூசணியோடு புழுதிக்கால் நெல்லை, அதாவது தண்ணீர் தேக்காமல் வளர்க்கும் நெல்லை, சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். நெல் வேர்க் கசிவு இந்தப் பூஞ்சாணத்தின் வித்துகள் முளைப்பதைக் குறைத்தது. தர்பூசணியின் சொந்த வேர்க் கசிவோ அவற்றை ஊக்கியது. பக்கத்து வேர் ஏதோ செய்கிறது என்பதை இதுவும் காட்டுகிறது. ஆனால் கொல்லையில் தர்பூசணிக்காக நெல் விதையுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சின்ன வெங்காயம் போதும்.

குழி எடுத்து, மட்கின தொழுவுரத்தை மண்ணோடு கலந்து மூடியதும், நடுவில் விதைக்கு இடம் விட்டுச் சுற்றி ஐந்தாறு சின்ன வெங்காயத்தை ஊன்றிவிடலாம். சின்ன வெங்காயம் அறுபது, எழுபது நாள் பயிர். கொடி அதன் மேல் பெரிதாக நிழல் போடாது, அதுவும் கொடிக்கு நிழல் போடாது. முக்கியமாக, முற்றும் நேரத்தில் அதற்கும் தண்ணீர் குறைய வேண்டும். இரண்டு பயிரும் ஒரே நேரத்தில் 'போதும்' என்று சொல்வது அபூர்வம். ஐந்து வெங்காயம் வாடல் நோயை முற்றாகத் தடுத்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம். நோய் வந்த குழியை மாற்றுவதுதான் முதல் வைத்தியம். வெங்காயத்தில் இலைப்பேன் ஏறுமே, அது தர்பூசணிக்கு வராதா என்று கேட்பார்கள். வெங்காயத்தைச் சுரண்டும் இலைப்பேன் ஓர் இனம், தர்பூசணியில் மொட்டுக் கருகல் வைரஸைப் பரப்புவது வேறோர் இனம். அந்த இரண்டாவதுதான் கவலைக்குரியது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது தேனீ. என்னைக் கேட்டால் தர்பூசணிக்கு உண்மையான துணை தேனீதான். மற்ற செடிகள் எல்லாம் அதை அழைத்துவரும் தாம்பூலத் தட்டு. காலையில் ஆறரை, ஏழு மணிக்குக் கொடியருகே போய் உட்கார்ந்து பாருங்கள். மஞ்சள் பூ, அகலம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் கூட. ஆண் பூவுக்கு அடியில் வெறும் காம்பு. பெண் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில், பூனைமயிர் போர்த்திய ஒரு குட்டித் தர்பூசணி, கோடுகளோடு. பூ மலர்வதற்கு முன்பே பழத்தின் உருவம் அங்கே இருக்கிறது. அது பழமாவதும் பிஞ்சிலேயே உதிர்வதும் அன்றைக்கு ஒரே ஒரு காலைப் பொழுதில் முடிவாகிவிடும். மத்தியானத்துக்குப் பின் மூடும் பூ மறுபடி திறக்காது.

பெண் பூவின் சூல்முடி மூன்று மடலாக இருக்கும். மூன்றிலும் மகரந்தம் போதுமான அளவு விழுந்தால் காய் உருண்டையாக வரும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பி, குடம் நசுங்கியது மாதிரி ஆகும். விழவே இல்லையென்றால் நான்கைந்து நாளில் மஞ்சளாகி உதிரும். அமெரிக்காவில் 1960-களில் தேனீ வருகையை எண்ணிப் பார்த்து நடத்திய ஆய்வில், நல்ல காய் பிடிக்க ஒரு பெண் பூவுக்குக் குறைந்தது எட்டுத் தடவையாவது தேனீ வர வேண்டும் என்று கண்டார்கள். எட்டுத் தடவை, ஒரே காலையில். ஆண் பூக்கள் ஏராளமாக வரும், பெண் பூ சொற்பம். அந்தச் சொற்பத்தைத் தேனீ தவறவிடக் கூடாது. 'என் செடியில் பிஞ்சு எல்லாம் கொட்டுகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?' என்று கேட்கிறவர்களில் பலருக்கு வேண்டியது மருந்தில்லை, தேனீ. மருந்தடித்ததால்தான் தேனீயே வராமல் போயிருக்கும்.

தர்பூசணிப் பூவில் தேன் அதிகம் இல்லை. அதை நம்பித் தேனீ தூரத்திலிருந்து வராது. வேறு எதற்காகவோ வந்த தேனீ, வந்த இடத்தில் இதையும் எட்டிப் பார்க்கும். ஆகவே, பூ எப்போதும் இருக்கும் செடி ஒன்று பக்கத்தில் வேண்டும். துளசியைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் கதிர் விடுவதற்குள் நாம் கிள்ளிவிடுகிறோம். இந்த மூன்று மாதம் கிள்ளாமல் பூக்கவிடுங்கள். துளசிக் கதிரில் கொசுத்தேனீயும் கொம்புத்தேனீயும் நாள் முழுக்க இருக்கும். கறிவேப்பிலை பூக்கும் பருவமாக இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

விதைத்து வளர்க்கும் பூக்களில் நாள்கணக்கு மறுபடி வருகிறது. சூரியகாந்தி பூக்க ஐம்பது நாளுக்கு மேல் ஆகும். தர்பூசணிப் பெண் பூ நாற்பதையொட்டி வந்துவிடும். இரண்டையும் ஒரே நாள் விதைத்தால் கல்யாணம் முடிந்தபின் மேளக்காரர் வந்த கதைதான். சூரியகாந்தியைப் பதினைந்து, இருபது நாள் முன்னால் போட வேண்டும். எள் அப்படியில்லை. எள்ளும் ஐந்து, ஆறு வாரத்தில் பூக்க ஆரம்பிக்கும். அதனால் விதைப்பு ஒரே நாளில் இருக்கலாம். நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய பயிர், தண்ணீர் அதிகம் கேட்காது, வெள்ளைப் பூ அடுக்கடுக்காக வந்துகொண்டே இருக்கும். இந்தப் படப் பட்டியல்களில் எள்ளை நான் பார்த்ததே இல்லை. தர்பூசணிப் பாத்தியின் ஓரத்தில் ஒரு வரிசை எள் என்பது என் சொந்தச் சிபாரிசு. கொத்தமல்லி வெயில் ஏறினால் சீக்கிரம் பூவுக்குப் போய்விடும் என்று திட்டுவோம் அல்லவா, இங்கே அந்தக் குணமே பயன்.

அப்படியும் தேனீ வரவில்லை, நாலாவது மாடியில் இருக்கிறீர்கள் என்றால் கையாலேயே செய்துவிடலாம். ஒன்பது மணிக்குள் புதிதாக மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழைப் பின்னுக்கு மடக்கி, பெண் பூவின் மூன்று மடலிலும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ வைத்துக்கொள்வது நல்லது.

பூச்சிகளில் முதலில் வருவது சிவப்பு வண்டு. பூசணி வண்டு என்றும் சொல்வார்கள். உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிது, செங்கல் நிறத்தில் மினுமினுப்பு. முளைத்த இரண்டாம் நாளே வந்து விதையிலையைச் சல்லடையாக்கிவிடும். வளர்ந்த கொடிக்கு இது பெரிய சேதமில்லை, நாற்றுக்குத்தான் ஆபத்து. இதற்குப் பொறிப்பயிராகப் பரங்கி உதவும். தர்பூசணி விதைப்பதற்குப் பத்து நாள் முன்னால், பாத்தியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி நாலு பரங்கி விதையைப் போட்டுவைத்தால், வண்டு முதலில் அந்தக் கொழுத்த இலைகளுக்குப் போகும். விடியற்காலையில் குளிரில் வண்டு மந்தமாக இருக்கும். அப்போது பரங்கி இலைக்கு அடியில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துத் தட்டினால் கொத்தாக விழும். இதை ஒரு நாள் செய்துவிட்டு விட்டால் பயனில்லை. தட்டாமல் விட்டால் பொறிப்பயிர் பூச்சிப்பண்ணையாக மாறிவிடும். அங்கே பெருகி இங்கே வரும். பாகல் இலையை இந்த வண்டு பெரும்பாலும் சீண்டாது என்பதையும் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது பழ ஈ. பிஞ்சில் ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளி, அதிலிருந்து பிசின். சில நாளில் உள்ளே புழு. இங்கேதான் பட்டியலில் உள்ள மக்காச்சோளம் தன் வேலையைக் காட்டுகிறது, ஆனால் பூச்சியை விரட்டும் 'நண்பனாக' அல்ல. இந்த ஈ நாள் முழுக்கத் தர்பூசணிக் கொடியில் இருப்பதில்லை. ஓரத்தில் உயரமாக நிற்கும் செடிகளின் இலைக்கடியில் தங்கி, முட்டை வைக்க மட்டும் கொடிக்கு வந்து போகும். ஹவாய்த் தீவுகளில் 1950-களிலேயே இதைக் கவனித்து, ஓரத்து மக்காச்சோளத்தில் மட்டும் மருந்து கலந்த இரையைத் தெளித்து ஈயைக் கட்டுப்படுத்தினார்கள். மக்காச்சோளம் ஈயை விரட்டவில்லை, அதற்குத் திண்ணை போட்டுக் கொடுக்கிறது. திண்ணையில் உட்காரும் ஈயை நாம் பிடிக்காவிட்டால், அதற்கு வசதி செய்து கொடுத்ததோடு சரி. வீட்டில் மக்காச்சோள வரிசையில் கவர்ச்சிப் பொறியைத் தொங்கவிடலாம். வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்: மாமரத்து ஈயை இழுக்கும் வாசனைப் பொருள் மெத்தில் யூஜினால், கொடிக்காய் ஈயை இழுப்பது கியூலூர். இரண்டும் ஒரே மாதிரி டப்பாவில்தான் வருகின்றன. மாம்பழப் பொறியைத் தர்பூசணிப் பாத்தியில் கட்டிவிட்டு, ஈ சிக்கவே இல்லை என்று அலுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். இன்னொன்று, கியூலூரில் விழுவது ஆண் ஈதான். அதனால் பிஞ்சுகளைக் காகித உறை போட்டு மூடுவதை விட்டுவிட வேண்டாம்.

மக்காச்சோளத்தை எந்தத் திசையில் வைப்பது என்பதும் முக்கியம். தை, மாசியில் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து போகிறது. தெற்கில் நட்டால் கொடிக்கு நிழல். தர்பூசணிக்கு ஆறு, ஏழு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வடக்கில் வைக்கலாம். மேற்கிலும் ஒரு வரிசை இருந்தால் பங்குனியில் சாயங்கால வெயில் பழத்தோலைச் சுடாமல் கொஞ்சம் தடுக்கும், அனல் காற்றையும் மறிக்கும்.

மக்காச்சோளம், பயறு, பரங்கி என்ற மூன்றையும் ஒன்றாக வளர்ப்பது வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் புகழ்பெற்ற முறை. மூன்று சகோதரிகள் என்பார்கள். பரங்கி இருக்கும் இடத்தில் தர்பூசணியைப் போட்டால் என்ன என்று தோன்றும். பரங்கி அரை நிழலைப் பொறுத்துக்கொள்ளும், தர்பூசணி பொறுக்காது. நெருக்கமான சோளத்தின் நடுவே கொடி ஓடும், இனிப்பு இருக்காது. தர்பூசணியின் சொந்த வழக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் வறண்ட நிலத்துக்குப் போக வேண்டும். அதன் மூதாதை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இன்றைய இனிப்புத் தர்பூசணிக்கு மிக நெருங்கிய உறவு சூடானின் கோர்டோஃபான் பகுதிப் பழம் என்று 2021-இல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது. தென் ஆப்பிரிக்கப் பகுதிகளில் சிறு விவசாயிகள் இதைச் சோளம், கம்பு, தட்டைப்பயறோடு கலந்து விதைக்கிறார்கள். நம் நாட்டிலேயே ராஜஸ்தானின் தார்ப் பாலையில் மதீரா என்ற உள்ளூர்த் தர்பூசணியைக் கம்பு, கொத்தவரை, நரிப்பயறோடு மானாவாரியாகக் கலந்து போடுவார்கள். அங்கே செடிக்குச் செடி இடைவெளி தாராளம், அதனால் கம்பின் நிழல் ஒரு பொருட்டில்லை. இந்த மதீராவுக்காக ஒரு போரே நடந்ததாகச் சொல்வார்கள். 1644-இல் பிகானேர் எல்லையில் முளைத்த கொடி, நாகோர் எல்லைக்குள் படர்ந்து காய்த்ததாம். வேர் எங்களது என்று ஒருவர், பழம் எங்களது என்று ஒருவர். கொடியை வேலி தாண்டவிடும் வீட்டுத்தோட்டக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கலப்பில் இருக்கும் தட்டைப்பயறு நம் பக்கமும் ஆகும். குத்துச்செடி ரகமாகப் பார்த்துப் பாத்தியின் ஓரத்தில் ஊன்ற வேண்டும். இது தழைச்சத்தைத் தர்பூசணிக்கு ஊட்டிவிடும் என்ற பேச்சை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேர்முடிச்சில் சேரும் தழைச்சத்தை உயிரோடு இருக்கும்வரை பயறே செலவழித்துக்கொள்ளும். அது செத்து மட்கிய பிறகுதான் மண்ணுக்கு வரும். அதாவது லாபம் அடுத்த பயிருக்கு. இந்த வருடத்துத் தர்பூசணிக்குத் தட்டைப்பயறு செய்யும் உதவி வேறு. அதில் கறுப்பு அசுவினி அப்பிக்கொள்ளும். அதைத் தின்னப் பொறிவண்டு வரும். வந்த பொறிவண்டு தர்பூசணிக் கொழுந்தில் இருக்கும் அசுவினியையும் கவனிக்கும். பயறில் அசுவினியைப் பார்த்ததும் பதறி மருந்தடித்தால் இந்த ஏற்பாடு முழுக்க வீண்.

யார் பக்கத்தில் வேண்டாம் என்பதற்கு வருவோம். வெள்ளரி, சுரை, பீர்க்கன் எல்லாம் தர்பூசணியின் பங்காளிகள். 'வெள்ளரி பக்கத்தில் இருந்தால் தர்பூசணி சப்பென்று ஆகிவிடும், மகரந்தம் கலந்துவிடும்' என்று படித்தவர்களே சொல்கிறார்கள். கலக்காது. வெள்ளரி மகரந்தத்தால் தர்பூசணியில் காய் பிடிக்காது. வேறு தர்பூசணி ரகத்தின் மகரந்தமே விழுந்தாலும் இந்தப் பழத்தின் சதை மாறாது. சதை தாய்ச்செடியினுடையது, விதைக்குள் இருக்கும் கருதான் கலப்பு. மாற்றம் அந்த விதையை அடுத்த வருடம் போட்டால் தெரியும். பங்காளிகளை ஒதுக்கச் சொல்வதற்குக் காரணம் வேறு: ஒரே வண்டு, ஒரே ஈ, ஒரே சாம்பல் நோய். நான்கும் சேர்ந்து நின்றால் பூச்சிக்குப் பந்திப் பாய் விரித்தாற்போல. பரங்கியைப் பொறிப்பயிராகப் போடச் சொல்லிவிட்டு இப்படிச் சொல்கிறானே என்றால், அது தள்ளி நிற்கிறது, தினம் தட்டப்படுகிறது, நாற்றுப் பருவம் தாண்டியதும் பிடுங்கப்படுகிறது.

பங்காளிகளைவிட நான் பயப்படுவது கத்தரிக்கும் மிளகாய்க்கும். முன்பு சொன்ன மொட்டுக் கருகல் வைரஸ் இந்தியத் தர்பூசணியின் மிகப் பெரிய தலைவலி. கொழுந்து கருகி, நுனி மேல்நோக்கி நிமிர்ந்து நின்றுவிடும். அதோடு அந்தக் கொடியின் கதை முடிந்தது, மருந்து கிடையாது. பரப்பும் இலைப்பேன் கத்தரியிலும் மிளகாயிலும் சுகமாக வாழும். இவை ஏற்கெனவே கொல்லையில் இருந்தால் தர்பூசணியை எதிர் மூலையில் வையுங்கள். குழியைச் சுற்றி வெள்ளி நிற மூடாக்குத் தாள் விரித்தால் ஒளி பட்டு இலைப்பேன் இறங்கத் தயங்கும். நோய் கண்ட செடியை யோசிக்காமல் பிடுங்கிவிட வேண்டும்.

மாடித்தோட்டத்தில் கணக்கு இன்னும் கறாரானது. ஒரு பையில் ஒரு செடி, கூட மூன்று வெங்காயம், அவ்வளவுதான். கீரையை அதே பையில் போட்டால் வேருக்கு இடமில்லை. துளசியும் எள்ளும் தனித் தொட்டியில் பக்கத்தில் இருக்கட்டும். தேனீக்குத் தொட்டி வித்தியாசம் தெரியாது.

செண்டுமல்லியை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், கடைசிக்கு வைத்திருந்தேன். எல்லாப் பட்டியலிலும் முதலிடம் அதற்குத்தான். அதன் வேரிலிருந்து வரும் பொருள், வேர்முடிச்சு நூற்புழுவை ஒடுக்கும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். தர்பூசணி வேரில் மணிமணியாகக் கழலை விழுவது இந்தப் புழுவால்தான். ஆனால் மூலைக்கு ஒன்றாக நாலு செண்டுமல்லி நட்டால் அந்த நாலு வேர் இருக்கும் இடத்தில்தான் பலன், தர்பூசணி வேர் இருக்கும் இடத்தில் இல்லை. போதாததற்குப் பூவுக்குள் இலைப்பேன் குடியிருக்கும். இதைப் பக்கத்தில் நடுவதைவிட, தர்பூசணி முடிந்தபின் அதே இடத்தில் அடர்த்தியாக நடுவதுதான் வேலை செய்யும்; இரண்டு மாதத்துக்கு மேல் அந்த மண் முழுக்க அதன் வேர் ஓடியிருக்க வேண்டும். பங்குனியில் பழம் பறித்து, கொடியை அள்ளி, கோடை முழுக்க மண்ணை வெயிலில் காயவிட்டு, ஆடியில் செண்டுமல்லி நாற்று நட்டால் ஆயுத பூஜைக்கு மாலைக்கும் வாசலுக்கும் பூ ஆகும். பூ முடிந்த செடிகளை அங்கேயே வெட்டிப் புதைத்துவிட்டு, மார்கழியில் ஐந்தடி தள்ளி அடுத்த குழியை எடுக்கிறேன்.